‘கொண்டா’ எப்போது வந்து சேர்ந்தது?

கேள்வி: என் மகள் கொண்டா ரெட்டி என்ற பழங்குடியினர் சான்றிதழின் பேரில் அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, இப்போது மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். சான்றிதழை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று, சாதிச் சான்றிதழ்களின் உண்மையைச் சரிபார்க்கும் மாநிலக் கூர்நோக்குக் குழு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. என் அண்ணன் மகன் இதே சான்றிதழைக் காட்டி வேலையிலேயே இருக்கிறான். இவ்வளவு படித்த பிறகு அவளை வெளியேற்ற முடியுமா ஐயா? (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: முடியும். மாதுரி பாட்டீல் வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளின்படிதான் இந்தக் குழுக்கள் இயங்குகின்றன. விசாரணை இழுத்துக்கொண்டே போனதைக் காட்டிப் படிப்பை முடித்துக்கொள்ளச் சலுகை கேட்க முடியாது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. மிலிந்த் வழக்கில் 2000-ஆம் ஆண்டு ஒரு மருத்துவரின் பட்டத்தை விட்டுவைத்தார்களே என்று யாராவது உங்களுக்குத் தைரியம் சொல்லியிருப்பார்கள். அதை எல்லோரும் முன்னுதாரணமாகப் பிடித்துக்கொள்ள முடியாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே கதவைச் சாத்திவிட்டது. 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் 50,000 ரூபாய் செலுத்தச் சொல்லி ஒரு மருத்துவப் பட்டத்தைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் அது, பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்த பிரிவில் (கிரீமி லேயர்) வரவில்லை என்ற சான்றிதழ் பற்றிய வழக்கு; அந்த மாணவியும் படிப்பை முடித்திருந்தார்.

நீங்கள் அனுப்பிய நகல்களை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். உங்கள் தாத்தா 1948-இல் நிலம் வாங்கிய கிரயப் பத்திரத்தில் ‘ரெட்டியார்’ என்று மட்டும் இருக்கிறது; அது பழங்குடி அல்லாத சாதிப் பெயர். உங்கள் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘ரெட்டி’க்கு முன்னால், ஓரக்கோட்டைத் தாண்டி, ‘கொண்டா’ நெருக்கி எழுதப்பட்டிருக்கிறது. நகலிலேயே மையின் அழுத்தம் வேறாகத் தெரிகிறது. எனக்குத் தெரிந்தது விசாரணை அதிகாரி கண்ணில் படாமலா போகும்? அவர் பள்ளிக்கே போய்ச் சேர்க்கைப் பதிவேட்டைப் பிரிப்பார்.

கொண்டா ரெட்டிகள் கோதாவரிக் கரையோர மலைக்காடுகளில் போடு சாகுபடி (காட்டை வெட்டி எரித்துப் பயிரிடுவது) செய்துவந்த மக்கள். அவர்களின் குலதெய்வம், கல்யாணச் சடங்கு எல்லாவற்றையும் மகளுக்குச் சொல்லிக்கொடுத்து விசாரணைக்குத் தயார் செய்வதாக உங்கள் மைத்துனர் சொல்கிறாராம். வேண்டவே வேண்டாம். சடங்கு ஒத்துப்போகிறதா என்ற சோதனை மட்டுமே முடிவானதல்ல, அரசியலமைப்புக்கு முந்தைய ஆவணங்களுக்கே கனம் அதிகம் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் அத்தகைய ஒரே ஆவணமோ உங்களுக்கு எதிராகப் பேசுகிறது. 1950-க்கு முந்தைய வேறு பதிவு, பிறப்புப் பதிவேடோ பள்ளிப் பதிவேடோ, குடும்பத்தில் யாரிடமாவது இருந்தால் உடனே தேடி எடுங்கள். நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது, அரசுடையதல்ல.

அண்ணன் மகன் சான்றிதழ் கூர்நோக்குக் குழு விசாரித்து உறுதி செய்ததா? அப்படியானால் அது வலுவான சான்று. விசாரணையே நடக்கவில்லை என்றால், அதைக் காட்டுவதில் ஒரே பலன், அடுத்த நோட்டீஸ் அவனுக்குப் போகும்.

நோட்டீஸுடன் விஜிலென்ஸ் அறிக்கையின், அதாவது விசாரணை அதிகாரி நேரில் விசாரித்துக் குழுவுக்குத் தந்த அறிக்கையின், நகல் வந்ததா என்று முதலில் பாருங்கள். வராவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பதில் தர இரண்டு வாரம், கேட்டுப் பெற்றாலும் மொத்தம் 30 நாளுக்கு மேல் இல்லை என்பதுதான் நெறிமுறை. குழுவின் உத்தரவு எதிராக வந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுதான் வழி. சிவில் வழக்கு நிற்காது.

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் பழங்குடியினர் ஒதுக்கீடு 1 சதவீதம். நூற்றில் அந்த ஓர் இடத்தில்தான் உங்கள் மகள் உட்கார்ந்திருக்கிறாள். கோரிக்கை பொய் என்று முடிவானால் பெற்றோர் மீதும் குற்ற வழக்குத் தொடர அதே 1994 தீர்ப்பு சொல்கிறது. அந்த ‘கொண்டா’ எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியுமானால், பதில் மனு எழுதும் முன் உங்கள் வழக்கறிஞரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பொய்யான பதில் மனு இன்னொரு வழக்காகும்.

எனக்கு எழுதியது நீங்கள்; நோட்டீஸ் வந்திருப்பது மகள் பெயருக்கு. அவள் மேஜர். கையெழுத்துப் போடச் சொல்வதற்கு முன் அந்த மாற்றுச் சான்றிதழையும் கிரயப் பத்திரத்தையும் அவளிடம் காட்டுங்கள்.