கோச் தந்த வாக்கு அட்மிஷன் ஆகுமா?

கேள்வி: அமெரிக்காவில் பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் ஸ்குவாஷ் ஆடுகிறாள். ஐவி லீக் என்னும் புகழ்பெற்ற எட்டுப் பல்கலைக்கழகங்களில் ஒன்றின் கோச், "உனக்கு ஓர் இடம் வைத்திருக்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். இதற்கிடையே ஒரு கல்வி ஆலோசகர், தன் அறக்கட்டளைக்கு 40,000 டாலர் கொடுத்தால் இடம் உறுதி, வரிக்கழிவும் உண்டு என்கிறார். மகளை அணித் தலைவி என்று விண்ணப்பத்தில் போடவும் சொல்கிறார். அவள் தலைவி இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: பணம் கொடுக்காதீர்கள். தலைவி என்றும் எழுதாதீர்கள்.

விளையாட்டு வீரர்களுக்கு முன்னுரிமை தருவது சட்டப்படி குற்றமில்லை. 2023இல் ஹார்வர்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் தடுத்தது இன அடிப்படையிலான சேர்க்கையைத்தான். விளையாட்டு முன்னுரிமையில் கை வைக்கவில்லை. நேர்வழி உங்கள் மகளுக்குத் திறந்தே இருக்கிறது.

ஆனால் கோச் பரிந்துரைக்கத்தான் முடியும். சேர்ப்பது அட்மிஷன் அலுவலகம். அவர் வேலை மாறினால் வாக்கும் போய்விடும், அந்த மின்னஞ்சலை வைத்து நீதிமன்றத்தில் இடம் வாங்கவும் முடியாது. எனவே அவரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: மகளின் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்திடம் ப்ரீ-ரீடுக்கு, அதாவது வாய்ப்பு உண்டா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்வதற்கு, கொடுப்பாரா, தன் பரிந்துரைப் பட்டியலில் அவளுக்கு முழு ஆதரவு உண்டா, லைக்லி லெட்டர் கேட்பாரா. பன்னிரண்டாம் வகுப்பின் அக்டோபர் முதல் வரக்கூடிய அந்தக் கடிதத்தை அனுப்புவது அட்மிஷன் அலுவலகம். மதிப்பெண்ணும் நடத்தையும் சரியாமல் இருந்தால் இடம் கிடைக்கும் என்பது அதன் பொருள். அது கைக்கு வரும்வரை மற்ற கல்லூரிகளை விட்டுவிடாதீர்கள். ஐவி லீக்கில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது, பண உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான். ஆகவே பிறகு காயம்பட்டு ஆட்டத்தை விட்டாலும் அந்த உதவி பறிபோகாது.

இனி ஆலோசகர் விஷயம். 2019இல் வெளியான 'வார்சிட்டி புளூஸ்' மோசடியும் இதே வடிவம்தான்: ரிக் சிங்கர் என்ற கல்வி ஆலோசகர் தன் அறக்கட்டளை வழியாகப் பெற்றோரிடம் பணம் வாங்கி, ஆடாத பிள்ளைகளை வீரர்களாகக் காட்டினார். அவருக்கு மூன்றரை ஆண்டு சிறை. பெற்றோர் பலரும் சிறை சென்றார்கள். 2023இல் மேல்முறையீட்டில் இரண்டு தந்தையருக்கு எதிரான முக்கியக் குற்றத் தீர்ப்புகள் ரத்தானதைக் காட்டி, "பயமில்லை" என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். பணம் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே போயிருந்தால் அதைக் கோச்சுக்கான லஞ்சமாகப் பார்க்க முடியாது என்பது அங்கே ஒரு முக்கியக் காரணம். உங்களிடம் கேட்பது இடைத்தரகரின் அறக்கட்டளைக்கு. அந்த இருவரில் ஒருவர் மீதான வரிக் குற்றம் அப்போதும் நிலைத்தது. இடத்துக்கு விலையாகக் கொடுத்ததை நன்கொடை என்று கணக்கில் காட்டுவது தனிக் குற்றம்.

விண்ணப்பத்தில் எல்லாம் உண்மை என்று கையெழுத்திடுவது உங்கள் மகள். பொய் வெளிப்பட்டால் சேர்ந்த பிறகும் இடம் ரத்தாகும். ஏற்கெனவே கோச்சுக்கு அனுப்பிய விவரத்தில் 'தலைவி' இருந்தால் இன்றே எழுத்தில் திருத்துங்கள். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் மட்டும், திருத்தக் கடிதத்துக்கும் முன்னால், கூட்டாட்சிக் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பாருங்கள். ஆலோசகரோடு மேற்கொண்டு பேசாதீர்கள், அவர் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியைக்கூட அழிக்காதீர்கள். அழித்தால் அதுவே புதிய வழக்காகும்.