போட்டிக்கு அனுப்புங்கள், படத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்

மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: டிகிரி முடித்துவிட்டு மொபைல் கடையில் வேலை பார்க்கிறேன், போனிலேயே இரண்டு குறும்படம் எடுத்திருக்கிறேன், ஆன்லைனில் ஏகப்பட்ட வீடியோ போட்டி அறிவிப்பு வருகிறது, சிலர் கட்டணம் கேட்கிறார்கள், சிலர் லைக் அதிகம் வாங்கினால் பரிசு என்கிறார்கள், இதனால் சினிமாவுக்கு வழி பிறக்குமா, இல்லை பேசாமல் சென்னைக்குப் போய் உதவி இயக்குநராகச் சேர முயற்சி செய்வதா?

கலந்துகொள்ளுங்கள் தம்பி, ஆனால் பரிசுப் பணத்தைக் கணக்கில் வைக்காதீர்கள். போட்டி முடிந்த பிறகு உங்கள் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ போட்டியில் குறும்படம் எடுத்துக் காட்டிய கார்த்திக் சுப்புராஜ், நலன் குமாரசாமி, பாலாஜி மோகன் எல்லோரும் 2012, 2013இல் முழுநீளப் படத்தோடு வந்துவிட்டார்கள். வாயால் சொல்லும் கதையைத் தயாரிப்பாளர் நம்பத்தான் வேண்டும், எடுத்த படத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம். அதனால் சென்னைக்குப் போவதையும் நான் தடுக்கவில்லை, போகும்போது முடித்த படம் ஒன்று கையில் இருக்கட்டும். முடிப்பதுதான் கஷ்டம், நம் ஊர்ப் பையன்களின் ஹார்டு டிஸ்க்குகளில் பாதியில் நிற்கும் படங்கள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கடைசித் தேதி என்று ஒன்று கழுத்தைப் பிடித்தால்தான் முடிகிறது. கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் இளம் கலைஞர்களுக்காக 2021இல் தொடங்கிய திட்டம் ஒன்று உண்டு, விண்ணப்பிப்பதெல்லாம் ஆன்லைனில்தான். தேர்வானவர்களைக் குழுவாகப் பிரித்து 48 மணி நேரத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அதன் அறிவிப்பைத் தவறவிடாதீர்கள்.

லைக் கணக்கில் பரிசு தரும் போட்டியை விட்டுவிடுங்கள். சொந்தக்காரர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பிக் கெஞ்சும் நேரத்தில் இன்னொரு படம் எழுதலாம். கட்டணம் கேட்டால் நடுவர் யார், போன வருடம் ஜெயித்த படம் எங்கே பார்க்கக் கிடைக்கும் என்று கேளுங்கள், பதில் வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது விதிமுறை. அதை யாருமே படிப்பதில்லை, நான் மன்றாடிக் கேட்கிறேன், படியுங்கள். சில நிறுவனங்களின் போட்டியில், அனுப்பிய படம் அத்தனையையும், தோற்றவர்கள் படத்தையும் சேர்த்து, என்றென்றைக்கும், உலகம் முழுக்க, காசில்லாமல் பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு வரி இருக்கும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்தால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘என்றென்றைக்கும்’ என்ற ஒரு சொல் அந்த வரம்பைத் தூக்கிவிடுகிறது. போட்டி விளம்பரத்துக்கு மட்டும் காட்டிக்கொள்கிறோம் என்றால் சரி, தாராளமாக அனுப்புங்கள். உரிமையே எங்களுக்கு என்றால், அந்தப் போட்டிக்கென்றே ஒரு நிமிடத்தில் ஏதாவது எடுத்து அனுப்புங்கள், உயிரைக் கொடுத்து எழுதிய கதையைக் கொடுத்துவிடாதீர்கள். இன்னொன்று, இணையத்தில் ஏற்கெனவே வெளியான படத்தைச் சில விழாக்கள் எடுத்துக்கொள்வதில்லை, எதற்கு முதலில் அனுப்புவது என்று யோசித்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.

பாட்டு விஷயத்தில் நான் சூடு பட்டவன். முதல் குறும்படத்தில், திருவையாற்றுப் படித்துறையில் ஒரு பெரியவர் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சிக்கு நாகஸ்வரத்தில் ஒரு தியாகராஜர் கிருதியைப் போட்டிருந்தேன். தியாகராஜர் மறைந்தது 1847இல், அவர் பாட்டுக்கு யார் உரிமை கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். கிருதி பொதுச்சொத்துதான், ஆனால் நான் எடுத்துப் போட்ட ஒலிப்பதிவு ஒரு கம்பெனியுடையது. ஒலிப்பதிவுக்கு, அது வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு வரை உரிமை உண்டு. பதிவேற்றிய அன்றைக்கே சத்தத்தை நிறுத்திவிட்டார்கள், அந்தப் பெரியவர் வாயசைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருந்தார், நடுவர்கள் பார்த்தது அதைத்தான். அப்புறம் எங்கள் தெருவிலேயே இருந்த நாகஸ்வரக்காரரிடம் கேட்டேன். ஒரு சாயங்காலம் கொல்லையில் மாமரத்தடியில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார், சம்மதத்தை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். நாகஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியை நனைத்து அவர் சரிபார்க்கும் அந்தச் சின்னச் சத்தம்கூடப் பதிவில் இருந்தது, எந்த இசைத்தட்டிலும் கிடைக்காத சத்தம் அது. நம் ஜில்லாவில் வாசிக்கிறவர்களுக்கா பஞ்சம்? கேளுங்கள், கேட்டுவிட்டு ஒரு தொகையும் கொடுங்கள்.

கேமராவைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுக்கும்போது மட்டும் ஷட்டர் வேகத்தை 1/50 நொடியில் வையுங்கள், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதோடு பொருந்தாத வேகத்தில் வைத்தால் படத்தில் கோடு கோடாக ஓடும். செலவு செய்வதானால் மைக்குக்குச் செய்யுங்கள். வயல்காட்டில் காற்றும் மோட்டார் சத்தமும் வசனத்தைத் தின்றுவிடும், சட்டையில் குத்தும் சின்ன மைக்கும் அதன்மேல் ஒரு பஞ்சுறையும் இருந்தாலே பாதி பிரச்சினை தீரும். பெரிய கோயில், தாராசுரம் மாதிரி தொல்லியல் துறைக் கோயில்களில் படம் எடுக்க முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், முதல் படத்துக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

உங்களைச் சுற்றியே கதை இருக்கிறது தம்பி. அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல்லைக் காயப்போட்டு, கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வேண்டுமே என்று ராத்திரியெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு காவல் இருப்பார்களே, அவர்களில் ஒருவரைப் பாருங்கள். மெஷின் சொல்வதற்கு முன்னால் ஒரு நெல்லை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்துப் பார்ப்பார். அந்தக் கடியின் சத்தத்தையும், அப்போது அவர் முகம் போகும் போக்கையும் நீங்கள் பிடித்துவிட்டால் மூன்று நிமிடப் படம் கிடைத்துவிட்டது. சம்பா அறுப்பு தையில் தொடங்கிவிடும், மார்கழிக்குள் கதையை எழுதி முடித்து, அவரிடமும் நிலையத்துக்காரர்களிடமும் பேசி வையுங்கள்.