கால் ஒடஞ்சா ஆஸ்பத்திரி பில்லு மட்டும் தான் நஷ்டஈடா?

லாரி இடிச்சு தம்பிக்கு கால் ஒடஞ்சிருச்சு, இன்சூரன்ஸ்ல ஆஸ்பத்திரி பில்லு மட்டும் தான் தருவாங்களா, வேற என்ன கேக்கலாம்னு கேட்டிருக்கீங்க. பில்லு மட்டும் இல்லங்க, நிறைய கேஸ்ல பில்லு தான் சின்ன தொகையே. நான் வக்கீல் இல்ல, எங்க அத்தான் கேஸுக்காக நாலு வருஷம் திண்டுக்கல் கோர்ட்டுக்கு அலைஞ்சவன், அதுல தெரிஞ்சுக்கிட்டத சொல்றேன்.

கோர்ட்ல தலைப்பு தலைப்பா தான் பணம் போடுவாங்க. ஆஸ்பத்திரி செலவு, மருந்து, போக்குவரத்து, சத்தான சாப்பாட்டு செலவு, கூட இருந்து பாத்துக்கிட்டவங்களுக்கான தொகை, படுத்திருந்த மாசங்களுக்கான சம்பளம், இதெல்லாம் ஒரு பக்கம். எலும்பு சேர வெச்ச பிளேட்ட எடுக்க இன்னொரு ஆபரேஷன் பண்ணணும்னா டாக்டர்கிட்ட எழுதி வாங்குங்க, வரப்போற செலவுக்கும் உண்டு. அப்புறம் வலி வேதனைக்கு, முன்ன மாதிரி ஓடியாடி வாழ முடியாததுக்கு, கல்யாணம் ஆகாத வயசுன்னா அந்த வாய்ப்பு கெட்டதுக்கு தனித்தனியா. படுத்த படுக்கையா ஆயிட்டா ஆள் வெச்சு பாத்துக்கிற செலவு ஆயுசுக்கும் வரும், 2020ல ஒரு 12 வயசு பொண்ணு கேஸ்ல சுப்ரீம் கோர்ட் ரெண்டு ஆளுக்கு கணக்கு போட்டு அந்த ஒரு தலைப்புலயே 21,60,000 குடுத்துச்சு.

ஆனா பெரிய தொகை இருக்கறது எதிர்கால வருமான இழப்புங்கற தலைப்புல, ஏமாந்து போறதும் அங்க தான்.

எங்க அத்தான் டைல்ஸ் மேஸ்திரி, அப்ப 34 வயசு. முட்டி நொறுங்கி பிளேட் வெச்சாங்க, அதுக்கப்புறம் குத்த வெச்சு உக்காரவே முடியல. டாக்டர் 30 சதவீத ஊனம்னு சர்டிபிகேட் குடுத்தாரு. இன்சூரன்ஸ் தரப்பு என்ன சொன்னாங்கன்னா ஒரு சதவீதத்துக்கு 5,000 ரூபாய், ஆக ஊனத்துக்கு 1,50,000, பில்லு மத்ததெல்லாம் சேத்து மூணரை லட்சம், லோக் அதாலத்ல, அதாவது ரெண்டு தரப்பும் பேசி சமரசமா கேஸ முடிக்கிற மக்கள் நீதிமன்றத்துல முடிச்சுக்கலாம்னு. வீட்டு வாடகை பாக்கி நின்னதால அக்கா கையெழுத்து போடவே ரெடி ஆயிருச்சு. லோக் அதாலத்ல ஒத்துக்கிட்டா அப்பீல் கிடையாது, அது முடிஞ்சது தான், அத அன்னிக்கு எங்களுக்கு எடுத்து சொன்னது பக்கத்துல உக்காந்திருந்த வேற ஒரு வக்கீல். அவர்கிட்டயே கேஸ மாத்தினோம்.

அவர் கேட்ட மொத கேள்வியே மனுவுல ஏன் கூலி வேலைன்னு போட்டிருக்குன்னு தான். 2010ல ராஜ்குமார் தீர்ப்புல சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிருக்கு, உடம்பு ஊனம் எத்தன சதவீதம்ங்கறது வேற, அதனால அந்த ஆளோட சம்பாதிக்கிற சக்தி எவ்ளோ போச்சுங்கறது வேற. இடது கை போனா டிரைவருக்கோ தச்சருக்கோ பொழப்பே கிட்டத்தட்ட முழுசா போச்சு, அதே கை கவர்மெண்ட் ஆபீஸ் கிளார்க்குக்கு போனா வேலை போகாம இருக்கலாம். டைல்ஸ் ஒட்டுறவருக்கு முட்டி மடங்கலன்னா என்ன மிச்சம் இருக்கு சொல்லுங்க? மனுவ திருத்தி, டாக்டர சாட்சி கூண்டுல ஏத்தி இவரால குத்த வெச்சு உக்கார முடியுமான்னு கேட்டு பதிவு பண்ணாங்க. சம்பள ஸ்லிப் ஏது, கூட வேலை பாத்த மேஸ்திரி வந்து சாட்சி சொன்னாரு, தினக்கூலி 1,000னு.

கோர்ட் மாச வருமானம் 15,000னு தான் எடுத்துச்சு. 40 வயசுக்குள்ள சொந்த தொழில்னா 2017 பிரணய் சேத்தி தீர்ப்புப்படி வருமானம் பின்னாடி ஏறியிருக்கும்னு 40 சதவீதம் கூட்டணும், ஆக 21,000. வருஷத்துக்கு 2,52,000. சர்லா வர்மா தீர்ப்புல வயசுக்கு ஒரு பெருக்கல் எண் இருக்கு, 31லேர்ந்து 35 வரைக்கும் 16, பெருக்கினா 40,32,000. காயம்பட்டவர் உயிரோட இருக்கறதால சொந்த செலவுன்னு எதுவும் கழிக்கக்கூடாது. சம்பாதிக்கிற சக்தில பாதி போச்சுன்னு கோர்ட் முடிவு பண்ணி 20,16,000 இந்த ஒரு தலைப்புக்கு மட்டும் போட்டாங்க, மத்ததும் மனு போட்ட நாள்லேர்ந்து வட்டியும் தனி. அதே முட்டி, அதே 30 சதவீத சர்டிபிகேட் தான்! அன்னிக்கு அக்கா கையெழுத்து போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு இன்னும் நெனச்சு பாக்கறேன்.

அதனால தம்பி என்ன வேலை பாக்குறார், அந்த வேலைக்கு அந்த கால் எப்படி தேவைங்கறத முதல்லயே வக்கீல்கிட்ட புட்டு புட்டு வெச்சிருங்க. ஒரிஜினல் பில்லு, டிஸ்சார்ஜ் சம்மரி, எஃப்ஐஆர் காப்பி, எக்ஸ்ரே எதையும் யார்கிட்டயும் காப்பி எடுக்காம குடுக்காதீங்க. ஆக்சிடென்ட் வெளியூர்ல நடந்திருந்தாலும் நீங்க குடியிருக்கிற ஊர் தீர்ப்பாயத்துலயே, அதாவது விபத்து நஷ்டஈடு கேஸ பாக்கற கோர்ட்லயே போடலாம். எப்ப நடந்துச்சுன்னு நீங்க எழுதல, 2022 ஏப்ரல்லேர்ந்து அமல்ல இருக்கிற மோட்டார் வாகன சட்ட திருத்தத்துல 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு இருக்கு, கட்டு பிரிக்கட்டும்னு காத்திருக்காம இந்த வாரமே ஒரு வக்கீல பாருங்க.