வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 12 வருஷமான பிக்கப். பாம்பனிலிருந்து மதுரைக்கு மீன் லோடு ஓடுகிறது. 60-ல் போய் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுகிறது. நாலு மாசம் முன்னால் டிஸ்க்கை லேத்தில் கடைந்து மாட்டினோம். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, இப்போது மறுபடி அதே உதறல். புது டிஸ்க் போட்டுவிடலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
— தங்கச்சிமடம் வாசகர்

பதில்: உதறல் ஸ்டியரிங்கில் தெரிந்தால் கோளாறு முன் சக்கரத்தில். பெடலிலும் சீட்டிலும் மட்டும் தெரிந்தால் பின் டிரம் வட்டம் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்களுடையது முன் டிஸ்க்தான். ஆனால் கடைந்த டிஸ்க் நாலே மாசத்தில் மறுபடி உதறுகிறது என்றால், காரணம் பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, அது உட்காரும் ஹப் (சக்கரத்தைத் தாங்கிச் சுற்றும் நடுப்பகுதி) முகத்தில் இருக்கிறது.

டிஸ்க்கைக் கழற்றி ஹப் முகத்தை விரலால் தடவிப் பாருங்கள். போல்ட் ஓட்டைகளைச் சுற்றித் துரு செதில் செதிலாக எழும்பியிருக்கும். ஒரு பக்கம் 0.05 மி.மீ. துரு இருந்தாலே டிஸ்க்கின் வெளி விளிம்பில் அந்தக் கோணல் ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடும். மாட்டிய அன்று எதுவும் தெரியாது. பிரேக் மிதிக்காமல் ஓடும்போதும் டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேடை (டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கும் பிரேக் கட்டையை) உரசிக்கொண்டே வரும். சில ஆயிரம் கிலோமீட்டரில் அந்த இடம் மட்டும் தேய்ந்து மெலியும். பிரேக் மிதிக்கும்போது பேட் மெலிந்த இடத்தில் இறங்கி, தடித்த இடத்தில் ஏறும். கையில் உதறலாகத் தெரிவது அதுதான். 'சூட்டில் டிஸ்க் வளைந்துவிட்டது' என்று பட்டறையில் சொல்வதில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். 0.02 மி.மீ. தடிமன் வித்தியாசமே உதறலுக்குப் போதும்.

அதனால் முதலில் அளவெடுங்கள். மைக்ரோமீட்டரால் சுற்றிலும் எட்டு இடத்தில், விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே தள்ளி அளக்க வேண்டும். வெர்னியர் வேண்டாம். தேயாத விளிம்பில் மேடு நிற்கும், வெர்னியர் தாடை அதில் உட்கார்ந்து தடிமனைக் கூட்டிக் காட்டும். டிஸ்க்கின் தொப்பிப் பகுதியிலோ (நடுவில் மேடாக நிற்கும் பகுதி) விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் வார்த்தோ குத்தியோ இருக்கும். பெரும்பாலும் புது அளவைவிட 2 மி.மீ. குறைவு. கடைந்த பிறகும் அந்த எண்ணுக்கு மேலே மிச்சம் இருக்கும் என்றால்தான் கடைய வேண்டும். எண்ணைத் தொடப்போகிறது என்றால் மாற்றிவிடுங்கள். நடுவில் காற்று போகும் துடுப்புகள் உள்ள டிஸ்க் என்றால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நம் கரையில் வெளி முகம் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே துடுப்புகள் உப்பில் அரித்து உதிரத் தொடங்கியிருக்கும். அப்படி இருந்தால் மேல் தடிமன் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

வாங்கப் போகும்போது பழைய டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோங்கள். வெளி விட்டம், தடிமன், மொத்த உயரம், நடு ஓட்டை, போல்ட் ஓட்டை எண்ணிக்கை ஐந்தும் ஒத்துப்போக வேண்டும். நடு ஓட்டை ஹப்பில் ஆட்டமில்லாமல் இறங்கணும். இரண்டையும் தராசில் வையுங்கள். தேய்ந்த பழைய டிஸ்க்கைவிடப் புதியது எடை குறைவாக இருந்தால், சுவரையோ துடுப்பையோ மெலித்து வார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். லோடு வண்டிக்கு அது ஆகாது. சூட்டை வாங்கிக்கொள்ள இரும்பு வேண்டும்.

விலையில் நடுவில் இருப்பதும் மேலே இருப்பதும் எதில் வேறுபடுகின்றன என்று கேளுங்கள். துத்தநாக–அலுமினியப் பூச்சு உள்ள டிஸ்க் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் இருக்கும். உரசும் முகத்தில் பூச்சு முதல் சில பிரேக்கிலேயே போய்விடும். தொப்பியிலும் துடுப்பிலும் ஹப்போடு ஒட்டும் முகத்திலும் நிற்கும். துரு பிடித்துக் கெடுப்பது அந்த மூன்று இடங்கள்தான். மதுரை உள்ளூரில் ஓடும் வண்டிக்கு வெறும் வார்ப்பிரும்பு டிஸ்க் போதும். தீவுக்குள் நிற்கும் வண்டிக்குக் கூடுதல் காசு கொடுத்துப் பூச்சுள்ளதை வாங்குங்கள். ஓட்டை போட்ட, வரி போட்ட 'ரேஸ்' டிஸ்க் வேண்டாம். பாரத்தில் சூடேறும்போது ஓட்டை விளிம்பில்தான் விரிசல் தொடங்கும். ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது, இரு பக்கமும் ஜோடியாக மாற்றி, பேடும் புதிதாகப் போட வேண்டும்.

மாட்டும்போது ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் வெறும் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். டிஸ்க்கில் தடவியிருக்கும் துருத் தடுப்பு எண்ணெயை பிரேக் கிளீனரால் துடைக்கணும். பேரிங் ஆட்டத்தைச் சரிசெய்த பிறகு டயல் கேஜ் (ஆட்டத்தை ஊசியில் காட்டும் அளவுகோல்) வைத்து ஒரு சுற்று சுற்றுங்கள். ஊசி 0.05 மி.மீ.-க்குள் ஆடினால் நல்லது. 0.10-ஐத் தாண்டினால் டிஸ்க்கை ஒரு போல்ட் ஓட்டை தள்ளி மாட்டி மறுபடி பாருங்கள். வீல் நட்டைக் குறுக்குக் குறுக்காக இரண்டு தவணையில், டார்க் ஸ்பேனரால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும். ஏர் கன்னால் கண்டபடி இறுக்கினால் நேரான டிஸ்க்கும் கோணும். காலிப்பர் (பேடைப் பிடித்திருக்கும் கவ்வி) பின்களைக் கழற்றித் துருவை எடுத்து, ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊத வைத்துப் பின்னை இறுக்கிவிடும்.

பிறகு வெறும் வண்டியாக 50-லிருந்து 10 வரை மிதமாகப் பத்து தடவை பிரேக் பிடியுங்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு நிமிடம் ஓட விட்டு. சூடாக இருக்கும்போது பெடலை அழுத்தியபடி நிற்கக் கூடாது, பேடின் அச்சு டிஸ்க்கில் பதிந்துவிடும்.

இன்னொன்று: மீன் பெட்டி ஐஸ் உருகி வழியும் தண்ணீர் பின் ஆக்சில் மேல் சொட்டுகிறதா பாருங்கள். குழாய் இழுத்து ஒரு கேனில் பிடியுங்கள். பின் டிரம் பிழைக்கும், பின்னால் வரும் டூவீலரும் வழுக்காது.

கேள்வி: முன் வீல் பேரிங்குக்கு ஒரே நம்பர் சொல்லிக் கேட்டால் கடையில் மூன்று விலை. நம்பர் ஒன்றுதானே, குறைந்ததை வாங்கினால் என்ன?
— கீழக்கரை வாசகர்

பதில்: நம்பர் அளவைச் சொல்லும், தரத்தைச் சொல்லாது. 30206 என்று இருந்தால் அது டேப்பர் ரோலர் பேரிங், கடைசி இரண்டு இலக்கத்தை 5-ஆல் பெருக்கினால் உள் விட்டம் 30 மி.மீ. 04-லிருந்து இந்தக் கணக்கு பொருந்தும். எஃகின் சுத்தம், சூடாக்கிக் கெட்டிப்படுத்திய விதம், உருளையின் மெருகு எதுவும் நம்பரில் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு ஓடும் வண்டியில் இந்த இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பேரிங்கில் போலி அதிகம். எஸ்கேஎஃப், ஷேஃப்ளர் போன்ற தயாரிப்பாளர்கள் பெட்டியைப் படம் எடுத்தோ குறியீட்டை ஸ்கேன் செய்தோ சரிபார்க்க மொபைல் செயலி வைத்திருக்கிறார்கள். கடையிலேயே நின்று பாருங்கள். பெட்டி இல்லாமல் உதிரியாகத் தொங்கும் பேரிங்கை வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் மாட்டும் நேரம் வரை உறையைப் பிரிக்க வேண்டாம். வியர்த்த கையால் தொட்ட ரேகையே நம் காற்றில் துருவாக எழும்.

கோன் (உருளைகளோடு இருக்கும் உள் வளையம்) மட்டும் மாற்றிக் கப்பைப் (ஹப்புக்குள் உட்காரும் வெளி வளையம்) பழையதாக விடுவது வீண் செலவு. உள் பேரிங், வெளி பேரிங் இரண்டும் கப்போடு மாற வேண்டும், ஆயில் சீல் ஒவ்வொரு தடவையும் புதிது. பழைய பிக்கப் பலவற்றில் டிஸ்க் ஹப்பின் பின்பக்கம் போல்ட் போட்டிருக்கும், ஹப்பைக் கழற்றாமல் டிஸ்க் வராது. டிஸ்க் மாற்றும் அன்றே பேரிங்கையும் பார்த்துவிட்டால் கூலி ஒன்று.

கப்பைப் பித்தளைத் தண்டால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள். அடியில் முட்டியதும் சத்தம் 'டங்' என்று கெட்டியாக மாறும். கிரீஸை உள்ளங்கையில் வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் குத்திக் குத்தி, மறுபக்கம் உருளைகளுக்கு நடுவே பிதுங்கும்வரை ஏற்ற வேண்டும். ஹப் குழியில் மூன்றில் ஒரு பங்கு போதும், நிரப்பினால் சூடேறும். சேசிஸ் கிரீஸ் வேண்டவே வேண்டாம், பிரேக் சூட்டில் உருகிச் சீலைத் தாண்டி டிரம் பிரேக்கின் லைனரிலும் டிஸ்க் பிரேக்கின் பேடிலும் வழியும். லித்தியம் காம்ப்ளக்ஸ், என்.எல்.ஜி.ஐ. (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) 2 அல்லது 3 எடுங்கள். கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ் கிடைத்தால் உப்புத் தண்ணீருக்கு அதைவிட நல்லது. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, முழுதும் உலர விட்ட பிறகே புதியது. இரு வகை கிரீஸ் கலந்தால் இளகிப் போகலாம். சீலின் ஸ்பிரிங் பக்கம் கிரீஸைப் பார்த்து இருக்கட்டும்.

ஹப்பைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி உருளைகளை உட்கார வையுங்கள். பிறகு கால் சுற்று தளர்த்தி, விரல் பலத்தில் மட்டும் திருப்பி, ஓட்டை நேர்ப்பட்டதும் புது ஸ்பிளிட் பின். இழுத்துத் தள்ளினால் நூலளவு ஆட்டம் இருக்க வேண்டும்: டயல் கேஜில் 0.03 முதல் 0.12 மி.மீ. வண்டி மேனுவலில் எண் இருந்தால் அதுதான் சரி. ஆட்டமே வேண்டாம் என்று இறுக்கிய பேரிங் நீலம் பாய்ந்துதான் வெளியே வரும். சீல் செய்த ஒற்றை ஹப் யூனிட் என்றால் இந்த முறை பொருந்தாது. அதற்குச் சொன்ன டார்க்கில் முழுதாக இறுக்கி, நட்டையும் புதிதாகப் போட வேண்டும். 50 கி.மீ. ஓடியதும் இறங்கி ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் பேரிங் இறுக்கமா, பேட் பிடிக்கிறதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி நின்றுவிடுகிறது. ஜூனில் எடுக்கும்போது சக்கரம் பிடித்துக்கொள்கிறது.
— தொண்டி வாசகர்

பதில்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினால் லைனர் டிரம்மோடு ஒட்டத்தான் செய்யும். நிறுத்துமுன் நல்ல தண்ணீரில் கழுவி, 5 கி.மீ. ஓட்டி பிரேக்கை உலர்த்துங்கள். கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு தடவை நாலு மீட்டர் முன்னும் பின்னும் நகர்த்தினால் பேரிங் உருளை ஒரே இடத்தில் நின்று துரு வரி விழாது. ஒட்டிய டிரம்மை ஆக்சிலரேட்டர் கொடுத்துப் பிய்க்காதீர்கள், லைனர் ஷூவை விட்டுக் கழன்று உள்ளே சிக்கும். டிரம் விளிம்பைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாலே விடும்.

கேள்வி: உப்பு லோடு வண்டி. பேரிங் கப் ஹப்புக்குள் லூசாகச் சுற்றுகிறது. பஞ்ச் அடித்து (ஹப்பின் உள் சுவரில் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடாக்கி) போட்டால் போதும் என்கிறார்கள்.
— வாலிநோக்கம் வாசகர்

பதில்: போதாது. பஞ்ச் அடித்தால் கப் அந்தப் புள்ளிகளின் நுனியில் மட்டும்தான் நிற்கும். ஒரு மாச லோடில் நுனி மழுங்கி மறுபடி சுற்றும். சுற்றும்போது அரைபடும் இரும்புத்தூள் கிரீஸில் கலந்து புது பேரிங்கையும் தின்னும். கப் சாய்ந்து நிற்பதால் டிஸ்க்கோ டிரம்மோ நேராகச் சுற்றாது. ஹப்பை மாற்றுங்கள். பழைய ஹப் வாங்கினால் புது கப்பை அதில் வைத்துப் பாருங்கள். கையால் தள்ளி உள்ளே போகிறது என்றால் அதுவும் தேய்ந்ததுதான்.

கேள்வி: வள்ளம் இழுக்க வண்டியைக் கடலுக்குள் இறக்குகிறோம். வருஷத்துக்கு இரண்டு தடவை பேரிங் போகிறது.
— மண்டபம் வாசகர்

பதில்: ஓடி வந்த சூட்டோடு இறக்குவதால்தான். சூடான ஹப்பில் உள்ளிருக்கும் காற்று தண்ணீர் பட்டதும் சுருங்கி, சீல் வழியாகக் கடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஹப் கைக்கு ஆறும்வரை, அரைமணி நேரமாவது நிறுத்திவிட்டு இறக்குங்கள். ஏறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள், ஆனால் பிரஷர் குழாயைச் சீலுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை வெளி மூடியைத் திறந்து கிரீஸைப் பாருங்கள். பால் கலந்த டீ மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. அன்றே கழுவி, புது கிரீஸும் சீலும் போடுங்கள்.