பழைய நண்பரின் உரிமை

கேள்வி: நான் அரசுத் துறை ஒன்றில் உயர் பதவியில் இருக்கிறேன், வயது 52. என்னோடு பள்ளியில் படித்த நண்பன் எங்கள் கிராமத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறான். அண்மையில் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்தவன், அலுவலகத்தினர் அமர்ந்திருந்த கூடத்தில் சிறுவயதுப் பட்டப்பெயரால் என்னை அழைத்து, "அம்மா எங்கடா?" என்று கேட்டான். அம்மா காலமாகி இரண்டு ஆண்டுகள் ஆனதுகூட அவனுக்குத் தெரியவில்லை. எனக்குப் பெருத்த சங்கடமாகிவிட்டது. தை மாதம் என் மகளுக்குத் திருமணம். சம்பந்தி வீட்டார் முன்னிலையிலும் அவன் இப்படித்தான் நடந்துகொள்வான். அழைக்காமல் விட்டுவிடலாமா? பால்ய நட்பு அந்த வயதோடு முடிந்துபோவது இயல்புதானே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியத்தைத் திருத்தியாக வேண்டும். தாயார் மறைந்தது நண்பருக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவருக்குச் சொல்லவில்லை என்பதே நடந்தது. உங்கள் தாயாரை "அம்மா" என்றே சொல்லி வளர்ந்த ஒருவருக்குத் துக்கச் செய்தி போய்ச் சேரவில்லை. அன்று நீங்கள் கூசியிருக்க வேண்டியது அவர் அழைத்த பட்டப்பெயருக்காக அன்று. முன்பின் அறியாதவர்கள் நடுவே நின்றுகொண்டு அந்த மரணத்தை அவர் முதன்முதலாகக் கேட்க நேர்ந்ததற்காக. கேட்டபின் அவர் என்ன செய்தார், ஒரு வாய் சாப்பிட்டாரா, எப்போது ஊர் திரும்பினார் என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது என்னை உறுத்துகிறது.

பிழைப்புக்காக ஊர் மாறும்போது பல நட்புகள் தாமாகவே நழுவிப்போவது உண்மைதான். அதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் உங்கள் நட்பு நழுவவில்லை. ஒருவர் அதை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறார். அவரை உதறுவதற்கு இயல்பு என்று பெயரிடாதீர்கள்.

இராமேசுவரத்தில் அப்துல் கலாமுக்குச் சிறுவயதில் இராமநாத சாஸ்திரி, அரவிந்தன், சிவபிரகாசன் என்று நெருங்கிய தோழர்கள் மூவர் இருந்தார்கள். ஐந்தாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், கோயில் தலைமை அர்ச்சகரின் மகன் இராமநாதனுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் சிறுவன் அமர்ந்திருப்பதைப் பொறுக்காமல் கலாமைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். அர்ச்சகர் அந்த ஆசிரியரை வரவழைத்துக் கண்டித்த கதையைப் பலரும் அறிவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, 1999-இல் தன்வரலாறு வெளிவந்தபோது, பாரத ரத்னா விருது பெற்றிருந்த அந்த விஞ்ஞானி, தாம் கடைசி வரிசைக்குப் போனபோது இராமநாதன் அழுததை மறவாமல் அதில் பதிவு செய்திருந்ததுதான். பின்னாளில் தோழர்களில் ஒருவர் தந்தைக்குப் பிறகு அர்ச்சகரானார், ஒருவர் யாத்திரிகர்களுக்கு வண்டி ஏற்பாடு செய்தார், ஒருவர் தென்னக ரயில்வேயில் உணவு ஒப்பந்தக்காரரானார் என்பதையும் அவர் சொல்கிறார். பதவியின் ஏற்றத்தாழ்வு அந்த இடத்தில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

திருவள்ளுவர் நட்பையும் நட்பாராய்தலையும் பாடி முடித்தபின் பழைமைக்கென்று தனியே பத்துக் குறள் ஒதுக்கினார். நெடுநாள் நண்பர் நம்மைக் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்தால் அதை விரும்பி ஏற்பார்கள் என்கிறார். மனம் நோகும்படி செய்துவிட்டால் அறியாமை என்றோ மிகுந்த உரிமை என்றோ எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். அந்த உரிமைக்கு இடம் தராவிட்டால் இத்தனை காலம் பழகியதனால் என்ன பயன் என்றும் கேட்கிறார். ஆதாயத்துக்காக ஒட்டிக்கொள்பவர்களைப் பற்றிச் சொல்ல அடுத்தே தீ நட்பு என்று வேறோர் அதிகாரம் இருக்கிறது. உங்கள் நண்பர் பணம் கேட்டதாகவோ சிபாரிசு கேட்டதாகவோ நீங்கள் எழுதவில்லை. அவர் அம்மாவைத்தான் கேட்டார்.

ஓய்வு பெற்றவர்கள் இந்தப் பகுதிக்கு எழுதும் கடிதங்களில் அடிக்கடி வரும் குறை, வீடு தேடி யாரும் வருவதில்லை என்பது. அமெரிக்காவில் 1938-இல் தொடங்கிய ஹார்வர்டு ஆய்வு, பல்கலைக்கழக மாணவர்களும் பாஸ்டன் நகரின் ஏழைக் குடியிருப்புச் சிறுவர்களுமாக 724 பேரை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. 50 வயதில் தம் உறவுகளில் மனநிறைவோடு இருந்தவர்களே 80 வயதில் மற்றவர்களைவிட நலமாக இருந்தார்கள் என்று அது கண்டது. உங்களுக்கு வயது 52. நாளைக்கு நாற்காலி போய்விட்டால், இன்று கூடத்தில் அமர்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் சொல்லாமல் கொள்ளாமல் உங்கள் வீட்டுக்கு வருவார்கள் என்று ஒரு முறை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே பத்திரிகையை அஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பிவிடாதீர்கள். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு நேரில் செல்லுங்கள். அவர் வீட்டில் உட்கார்ந்து, அம்மாவின் கடைசி நாட்களை ஒன்று விடாமல் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டதற்கு மன்னிப்புக் கேளுங்கள். அதன் பிறகு தாம்பூலத் தட்டில் பத்திரிகையை வைத்துக் கொடுங்கள். மகள் அவரைப் பெரியப்பா என்று அழைக்கட்டும். மண்டபத்தில் சம்பந்தி வீட்டாரிடம் நீங்களே முந்திக்கொண்டு அவரை அறிமுகம் செய்துவையுங்கள். உங்களை எந்தப் பெயரால் அழைப்பது என்பதை அவர் பார்த்துக்கொள்வார்.