எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுத்தபடியே வெளிக்குப் போகச் சொல்கிறார்களாம். அம்மாவை எப்படித் தயார்படுத்துவது?

கருப்பை இறக்கம், முக்கினாலும் மலம் முழுசாக இறங்காத தொல்லை, இரண்டும் இருப்பதால் இங்கே சிங்கப்பூர் மருத்துவமனையில் அம்மாவுக்கு ‘டெஃபிகோகிராஃபி’ எம்ஆர்ஐ, அதாவது மலம் கழிக்கும்போதே இடுப்புக்குள் நடப்பதைப் படமெடுக்கும் பரிசோதனை, எழுதிக்கொடுத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இந்தப் பரிசோதனையின் உயிரே கடைசிக் கட்டத்தில்தான் இருக்கிறது: மலக்குடலில் ஏற்றிய ஜெல்லை அவர் நிஜமாகவே வெளியே தள்ள வேண்டும். கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டால் படம் அழகாக வரும், கோளாறு தெரியாது. அதனால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: டயப்பர் கட்டிவிடுவார்கள், கீழே நீர் புகாத விரிப்பு இருக்கும், மெஷின் அழுக்காவதுபற்றி அங்கே யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

சிறுநீரை 2 மணி நேரத்துக்கு முன்பு கழித்துவிட்டு, பிறகு அடக்கி வைப்பது வழக்கம். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பினால் அது கீழிறங்கி இடத்தை அடைத்து, கருப்பையின் இறக்கத்தையும் மலக்குடலின் புடைப்பையும் மறைத்துவிடும். சில இடங்களில் எனிமாவும் கொடுப்பார்கள். உங்களுக்குத் தந்த தாளில் உள்ளபடி செய்யுங்கள். பேஸ்மேக்கர், உடலுக்குள் கிளிப் இருந்தால் தேதி வாங்கும்போதே சொல்லுங்கள். தாலிக்கொடி, மூக்குத்தி, சேலை ஊக்கு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். தாலியைக் கழற்ற அம்மா தயங்குவார் என்றால் அந்தப் பேச்சை வீட்டிலேயே முடித்துவிடுங்கள்.

இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, மெல்லிய குழாய் வழியே 120 முதல் 250 மில்லி அல்ட்ராசவுண்ட் ஜெல்லை ஏற்றுவார்கள். பிறகு மல்லாக்கப் படுத்து, முழங்காலுக்கடியில் தலையணை. முதலில் அசையாப் படங்கள். அடுத்து உடலைப் பக்கவாட்டில் பார்த்தபடி வீடியோபோல ஓடும் படம்: சும்மா இருப்பது, இறுக்குவது, முக்குவது, வெளியேற்றுவது. கடைசியை மூன்று முறையாவது செய்யச் சொல்வார்கள். ஒருமுறை தள்ளியதும் தெரியாத உறுப்பு இறக்கம், குடல் காலியான பிறகு தெரியும்.

பலர் தடுமாறுவது இங்கேதான். ‘புஷ்’ என்றதும் ஆசனவாயை உள்ளே இழுத்து இறுக்கிவிடுவார்கள். படத்தில் அது, முக்கும்போது தளரவேண்டிய தசை தளராத நோய்போலவே தெரியும். கூச்சத்தால் இறுகியதா, நோயா என்று பிரிப்பது கடினம். ஹெட்போனில் குரல் ஆங்கிலத்தில்தான் வரும் என்று எண்ணி, ‘ஸ்குவீஸ்’ என்றால் இறுக்கு, ‘ரிலாக்ஸ்’ என்றால் தளர்த்து, ‘புஷ்’ என்றால் வெளியே தள்ளு என்று வீட்டில் நாலைந்து தடவை பழக்குங்கள். தமிழில் விளக்க ஆள் வேண்டுமானால் முன்பதிவிலேயே கேளுங்கள்.

அறிக்கையில் ‘பிசிஎல்’ என்று வரும். அது முன்னிடுப்பு எலும்பின் அடிவிளிம்பிலிருந்து வால் எலும்பின் கடைசி மூட்டுவரை போடும் கோடு. உறுப்பு அதற்குக் கீழே 3 சென்டிமீட்டருக்குள் இறங்கினால் லேசு, 3 முதல் 6 நடுத்தரம், அதற்கு மேல் கடுமை என்பது பரவலான கணக்கு. முன்பக்க மலக்குடல் புடைப்புக்கு வேறு கணக்கு: 2 சென்டிமீட்டருக்குக் கீழ் சிறிது, 4-க்கு மேல் பெரிது. படுத்து எடுப்பதால் உட்கார்ந்திருக்கும்போது உள்ள இறக்கம் கொஞ்சம் குறைவாகவே பதியலாம். எண்ணைவிட அம்மாவின் தொந்தரவு பெரிதாக இருந்தால், அதை டாக்டரிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மிச்ச ஜெல் கசியும். மாற்று உள்ளாடையும் ஒரு பேடும் பையில் இருக்கட்டும்.