அந்த வீட்டில் தேநீர் குடியுங்கள்

அன்புள்ள ஐயா,

கொளத்தூரில் வசிக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. உடன் வேலை பார்க்கும் நண்பர் தன் பங்குக் கோயிலில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் இருக்கிறார். அவர் அழைத்ததால் சில மாதங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களோடு வீடுகளுக்குப் போகிறேன். வியாசர்பாடியில் ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பின் மூன்றாவது மாடியில் ஒரு பாட்டி, பிளஸ் ஒன் படிக்கும் பேத்தியுடன் இருக்கிறார். மகன் இவர்களை விட்டுப் போய்விட்டார். அரிசி, பருப்பு, எண்ணெய், பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரை எல்லாம் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். போகும்போதெல்லாம் பாட்டி பேத்தியைக் கீழே அனுப்பித் தேநீர் வாங்கிவரச் சொல்கிறார். அவருக்கு எதற்கு வீண் செலவு என்று மறுத்துவிடுவோம்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. சபைக் கூட்டம் ஜெபத்தோடுதான் தொடங்கும். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். இது போலித்தனமோ என்று உறுத்துகிறது. "நம் கோயில்களில் செய்யாத தர்மமா? அங்கே போய்த்தான் செய்ய வேண்டுமா?" என்று அம்மா கேட்கிறார். நண்பன் ஒருவன், எல்லாம் மதம் மாற்றும் வேலை என்கிறான். அண்மையில் வேறொரு அமைப்பு அரிசிப் பை கொடுத்தபோது, வாங்கியவர்களை வரிசையாக நிறுத்திப் படம் எடுத்ததைப் பார்த்தேன். அது மனதைக் கெடுத்துவிட்டது. தொடரலாமா, மதச் சார்பில்லாத அமைப்பு ஒன்றைத் தேடிப் போகலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் உறுத்தலில் பாதியை உடனே தீர்த்துவிடலாம். நீங்கள் ஜெபிப்பதில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் பக்கத்தில் உட்காரவைத்திருக்கிறார்கள். யாரும் ஏமாறாத இடத்தில் போலித்தனம் எங்கிருந்து வரும்? என்றைக்காவது உங்களையும் ஜெபிக்கச் சொல்லி வற்புறுத்தினால் அன்று எழுந்து வந்துவிடுங்கள். அதுவரை போங்கள்.

மதம் மாற்றும் வேலை என்று சொன்ன உங்கள் நண்பனின் சந்தேகத்தை அப்படித் தள்ளிவிட முடியாது. பசித்தவரிடம் எதையும் விலையாகக் கேட்கக்கூடாது என்பது பெரிய அறம். அதை மீறியவர்கள் எல்லா மதங்களிலும் இருந்திருக்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒங்கோலில் இருந்த ஜான் கிளஃப் என்ற அமெரிக்கப் பாதிரியார், பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கூலி வேலை கொடுப்பதற்காகப் பக்கிங்காம் கால்வாயில் மூன்றரை மைல் தூரம் வெட்டும் ஒப்பந்தத்தை எடுத்தார். சென்னையில் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறோமே, அதே கால்வாய்தான். நிவாரணம் நடந்த காலத்தில் ஞானஸ்நானம் கொடுப்பதை அவர் நிறுத்திவைத்தார். சோற்றுக்காக மாறினார்கள் என்ற பேச்சுக்கு இடம் தரக்கூடாது என்று நினைத்தார். பிறகு 1878 ஜூலை 3 அன்று ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம் நடந்தது. அந்த இடைவெளி போதுமா என்று விவாதிக்கலாம். ஆனால் சோறு கொடுக்கும் கை அதே நேரத்தில் வேறொன்றையும் நீட்டக்கூடாது என்பது ஒரு மதபோதகருக்கே தெரிந்திருந்தது. உங்கள் குழுவையும் இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள். பாட்டி எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று யாராவது கேட்டார்களா? கேட்டிருந்தால் நீங்கள் எழுதியிருப்பீர்கள். தேவையில் இருப்பவருக்கு மதம் பார்க்காமல் உதவ வேண்டும் என்பது அந்தச் சபையின் விதியிலேயே இருக்கிறது.

அம்மாவிடம் சண்டை போட வேண்டாம். நம்மிடம் இல்லாத தர்மமா என்று அவர் கேட்பது நியாயம். 1867-ல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஆனால் ஒரு ரமலான் மாத மாலையில் அம்மாவைத் திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய மசூதிப் பக்கம் அழைத்துப் போங்கள். மயிலாப்பூர் ராதாகிருஷ்ணன் சாலையில் சூஃபிதார் என்ற கோயில் இருக்கிறது. பிரிவினையின்போது சிந்துவிலிருந்து அகதியாக வந்த ஒருவர் தொடங்கியது. நோன்பு மாதம் முழுவதும் அங்கே சமைத்த சைவ உணவு அந்த மசூதிக்குப் போகிறது. பல பத்தாண்டுகளாக இது நடக்கிறது. நோன்பு திறப்பவர்களுக்குப் பரிமாறுகிறவர்கள் இந்துத் தொண்டர்கள், தலையில் தொப்பி அணிந்துகொண்டு. அடுத்தவர் வழிபாட்டு இடத்தில் போய் வேலை செய்வது இந்த ஊரில் நீங்கள் தொடங்கிவைத்த பழக்கமில்லை என்று அம்மாவுக்குப் புரியும்.

இனி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வருகிறேன். தேநீர்.

உங்கள் சபையைத் தொடங்கியவர்கள் பாரிஸ் மாணவர்கள். ஆண்டு 1833. முந்தைய ஆண்டுதான் அந்த நகரத்தைக் காலரா சூறையாடியிருந்தது. 'உங்கள் திருச்சபை இப்போது ஏழைகளுக்கு என்ன செய்கிறது?' என்று விவாதத்தில் ஒருவர் கேட்ட கேள்வி அந்த மாணவர்களில் ஒருவரான பிரெடரிக் ஓசானாமைக் குடைந்தது. தன்னிடம் மிச்சமிருந்த குளிர்கால விறகைத் தோழர் ஒருவரோடு சேர்ந்து ஓர் ஏழை வீட்டுக்குச் சுமந்துபோய்க் கொடுத்தார். அப்போது அவருக்கு இருபது வயது. ஓரிடத்தில் உட்கார்ந்து அவர்களை வரச் சொல்லியிருக்கலாம். படியேறிப் போனார்கள். இன்றைக்கும் உறுப்பினர்கள் இருவர் இருவராக வீட்டுக்குப் போவது அந்தத் தொடக்கத்தின் தொடர்ச்சி.

இதில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒன்று உண்டு. வரிசையில் நிற்கும்போது ஏழை கை நீட்டுகிறவர். அவர் வீட்டுக்கு நாம் போகும்போது அவர்தான் வீட்டுக்காரர், நாம் விருந்தாளி. அந்த ஒற்றை அறைக்குள் எங்கே உட்காருவது என்பதை அவர்தான் சொல்வார். பாட்டி அந்த உரிமையைத்தான் எடுத்துக்கொள்கிறார். முந்தானையில் முடிந்துவைத்த சில்லறையை அவிழ்த்து, தூக்குப் பாத்திரத்தைப் பேத்தியின் கையில் கொடுத்து, மூன்று மாடி இறங்கச் சொல்கிறார். நீங்கள் அவருடைய நன்மைக்காக வேண்டாம் என்கிறீர்கள். உங்கள் மனதில் கள்ளமில்லை, நம்புகிறேன். ஆனால் அவர் காதில் அது எப்படி விழும்? நம் ஊரில் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க மறுப்பதற்குப் பல தலைமுறைகளாக என்ன அர்த்தம் இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். பாட்டிக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். படி ஏறி வந்தவர்கள், உட்கார்ந்தவர்கள், அரிசி கொடுத்தவர்கள், தன் கையால் கொடுப்பதை மட்டும் தொடவில்லை. அடுத்த ஞாயிறு குடியுங்கள். சர்க்கரை தூக்கலாக இருந்தாலும் குடியுங்கள். அவருக்குச் செலவாகிறது என்று மனம் கேட்கவில்லையென்றால் அடுத்தமுறை கொண்டுபோகும் பையில் தேயிலையும் பால் பவுடரும் சேர்த்து வையுங்கள். வீட்டிலேயே போட்டுத் தருவார்.

படம் எடுக்கும் விஷயத்தில் உங்களோடு முழுவதும் உடன்படுகிறேன். பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் அரிசிப் பையோடு நிற்கும் படம் அவள் வகுப்புத் தோழி ஒருத்தியின் போனுக்குப் போனால் திங்கட்கிழமை அவள் எப்படிப் பள்ளிக்குப் போவாள்? உங்கள் சபைக் கூட்டத்தில் ஒரு பை சுற்றிவருவதைப் பார்த்திருப்பீர்கள். மூடிய கையை உள்ளே விட்டு எடுப்பார்கள். யார் எவ்வளவு போட்டார், போட்டாரா இல்லையா என்பதுகூட யாருக்கும் தெரியாது. கொடுப்பவருக்கு இவ்வளவு மறைப்பு தருகிறவர்கள் வாங்குபவருக்கும் அதைத் தர வேண்டும். உங்கள் குழுவில் என்றைக்காவது யாராவது போனைத் தூக்கினால் இதைச் சொல்லி நிறுத்துங்கள். நம்பிக்கை இல்லாத ஒருவர் சொன்னாலும் இந்தப் பேச்சு அவர்களுக்கு விளங்கும், அவர்கள் வழக்கத்திலிருந்தே எடுத்துச் சொல்கிறீர்கள் என்பதால்.

மதச் சார்பில்லாத அமைப்புகளிலும் நல்லவை உண்டு. ஆனால் நீங்கள் மாறிப் போகும்போது பாட்டி உங்களோடு வரமாட்டார். இப்போது அவருக்கு வேண்டியது அமைப்பைவிட, அடுத்த வாரமும் அதே முகம் வருவது. அரிசி ரேஷன் கடையிலும் கிடைக்கும். அவருக்காக ஓர் அலுவலகத்தில் போய் நிற்க ஆள் கிடைப்பதில்லை. முதியோர் உதவித்தொகை வாங்குகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. 2023-ல் அதை மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். மகன் பெயர் இன்னும் குடும்ப அட்டையில் இருந்தால் அங்கேயே சிக்கல் தொடங்கலாம். முதலில் அதைப் பாருங்கள். சர்க்கரை மாத்திரைக்கு நீங்கள் பணம் செலவழிக்க வேண்டியதே இல்லை. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அதை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அருகிலுள்ள மாநகராட்சி சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் போதும். பேத்தி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கிறாளா என்றும் கேளுங்கள். அப்படியானால் கல்லூரிக்குப் போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். இது தெரியாமல் பிளஸ் டூவோடு நிறுத்திவிடும் வீடுகள் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை எந்த அலுவலகமும் திறந்திருக்காது. ஒரு வேலைநாளில் அரைநாள் விடுப்பு எடுங்கள். பாட்டியின் ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் மூன்றையும் முந்தின ஞாயிறே பார்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இ-சேவை மையம், பிறகு தேவைப்பட்டால் தாலுகா அலுவலகம். பாட்டியால் மூன்று மாடி இறங்கி ஏற முடியுமா என்று மட்டும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்.